இலவச அட்டையும் அதற்கு முந்தைய தாள்களும்

வாக்காளர் அடையாள அட்டைக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை. புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6 இலவசம். அதை வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுப்பதும் இணையத்தில் பதிவேற்றுவதும் இலவசம். அட்டை அச்சாகித் தபாலில் வீட்டுக்கு வருவதற்கும் காசில்லை. 2021 ஜனவரி 25 முதல் மின்னணு அட்டையாகக் கைப்பேசியிலேயே இறக்கிக்கொள்ளலாம். ஓட்டுப் போடும் உரிமைக்கு விலை வைக்கக் கூடாது என்பதுதான் எழுத்தில் உள்ள கொள்கை. ஆனால் அந்த அட்டையைக் கேட்டு வாங்க வேறு சில தாள்கள் வேண்டும். அந்தத் தாள்களைப் பெற அலைச்சலும் கூலி இழப்பும் உண்டு, சில சமயம் கைக்காசும் போகும். இந்தச் செலவு எல்லார் தலையிலும் ஒரே அளவில் விழுவதில்லை. யார் தலையில் விழுகிறது என்று பார்க்கக் கடையநல்லூரைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி, தென்காசியிலிருந்து மதுரைக்குப் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது கடையநல்லூர். 2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 90 ஆயிரம். நெல்லைச் சீமையின் பகுதியாக இருந்து, 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது அதனுடன் சேர்ந்தது. தறி, பீடி, வெளிநாட்டுப் பணம் என்ற மூன்றும் இந்த ஊரை நடத்துகின்றன. இங்கிருந்து சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய நெசவாளர் குடும்பங்கள் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் பகுதியில் துறைமுகத்தை ஒட்டி ஒரு குட்டிக் கடையநல்லூரையே உருவாக்கின. 1941இல் அங்கே தொடங்கிய சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்தான் 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவியது. அடுத்து வளைகுடா நாடுகள் வந்தன. இன்றைக்கும் சவூதியிலோ துபாயிலோ சிங்கப்பூரிலோ ஒரு ஆள் இல்லாத தெருவை இந்த ஊரில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அதனால் இங்கே ஒரே வீட்டுக்குள் இரண்டு விதமான மனிதர்கள் வாழ்கிறார்கள். கடவுச்சீட்டை மூன்று முறை புதுப்பித்த மகன் இருப்பான். ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் தவிர வேறெங்கும் பெயர் பதிவாகாத அவனுடைய தாயும் இருப்பார். மகனிடம் எல்லாத் தாளும் உண்டு, ஆனால் தேர்தலன்று அவன் ஊரில் இருக்க மாட்டான். தாய் ஊரிலேயே இருப்பார், ஆனால் அவர் யார் என்று சொல்லும் தாள் அவரிடம் குறைவு. அடையாளச் சட்டங்கள் இந்த இருவரையும் வேறுவேறு வழியில் ஓட்டுச்சாவடிக்கு வெளியே நிறுத்துகின்றன. அதன் எடை என்ன என்பதற்கு ஒரு கணக்கு: 2016 சட்டமன்றத் தேர்தலில் கடையநல்லூர் தொகுதியின் முடிவைத் தீர்மானித்தது 1,194 வாக்கு வித்தியாசம். ஒரு வாக்குச்சாவடிக்குரிய வாக்காளர் எண்ணிக்கை அளவுதான் அது.

அட்டை என்ற ஒன்றே இல்லாமல் இந்தியா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தேர்தல் நடத்தியிருக்கிறது. ஆளை அடையாளம் கண்டது தெரு. சாவடிக்குள் உட்கார்ந்திருக்கும் கட்சி முகவர்களுக்கு வரிசையில் வருகிறவர் யார் வீட்டு மருமகள், யாருடைய இளைய மகன் என்று தெரியும். சந்தேகம் வந்தால் தலைமை அலுவலரிடம் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். ஆட்சேபிக்கிறவர்தான் முதலில் பணம் கட்ட வேண்டும், ஆட்சேபிக்கப்பட்டவர் அல்ல. தேர்தல் நடத்தை விதிகள் எழுதப்பட்ட 1961ஆம் ஆண்டின் இரண்டு ரூபாய் அது, இன்றும் விதியில் அப்படியே இருக்கிறது. ஒருவர் சொல்லும் பெயரை நம்புவதிலிருந்து தொடங்கு, நம்பாதவன் காரணம் காட்டட்டும் என்ற மனநிலை அந்த விதியில் தெரிகிறது. முதல் பொதுத் தேர்தலிலிருந்தே அழியாத மை இருந்தது. ஒருவர் இரண்டு முறை போடுவதைத் தடுக்க அது போதும். ஒருவர் பெயரில் இன்னொருவர் போடுவதைத் தடுக்கப் போதாது.

அந்த ஓட்டையை அடைக்க வந்தவர் டி.என். சேஷன். தமிழ்நாடு பிரிவு ஆட்சிப் பணி அதிகாரி, மதுரையில் ஆட்சியராக இருந்தவர். 1990 முதல் 1996 வரை தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது, 1993 ஆகஸ்டில் புகைப்பட அடையாள அட்டைக்கு ஆணையிட்டார். அட்டை கொடுக்காத மாநிலங்களில் 1995 ஜனவரிக்குப் பின் தேர்தல் நடத்த மாட்டேன் என்று மிரட்டவும் செய்தார். மாநில அரசுகள் செலவைக் காட்டி முரண்டு பிடித்தன. அந்தச் சண்டையில் ஒரு நல்ல விஷயம் நிலைபெற்றது. அட்டையின் செலவு அரசுகளுடையது, குடிமக்களிடம் வாங்குவதற்கில்லை என்பதுதான் அது. பள்ளிக்கூடங்களிலும் சமுதாயக் கூடங்களிலும் கேமராவை நிறுத்தி, மக்களைக் கூப்பிட்டுப் படம் பிடித்து, நெகிழித் தாளில் ஒட்டிக் கொடுத்தார்கள். படம் மங்கலாக இருந்தது, பெயரில் பிழை இருந்தது, ஆனாலும் பலருக்கு வாழ்க்கையில் முதன்முதலாகத் தம் முகம் பதித்த அரசுத் தாள் அதுதான்.

முகம் பதிப்பதில் இங்கே வேறொரு தயக்கமும் இருந்தது. வாக்காளர் பட்டியலிலேயே புகைப்படத்தை அச்சிட ஆணையம் முடிவு செய்தபோது, முகத்திரை அணியும் முஸ்லிம் பெண்களின் படம் கட்சிக்காரர் கையெல்லாம் சுற்றக்கூடாது என்று தமிழ்நாட்டிலிருந்தே வழக்குப் போனது. 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. சட்டப்படி அந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வழக்கு எழுப்பிய கவலையை மூட நம்பிக்கை என்று ஒதுக்குவது தவறு. கடையநல்லூர் போன்ற ஊர்களில் பெண்கள் கூச்சமில்லாமல் ஓட்டுப் போட வருவதற்குக் காரணம், முகம் பார்த்துச் சரிபார்க்கப் பெண் அலுவலர் சாவடியில் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு. ஒரு சிறிய நிர்வாகக் கரிசனம், நீதிமன்றத்தில் தோற்ற ஒரு கவலையைச் சாவடியில் தீர்த்துவைத்தது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஓட்டுரிமை அட்டையில் இல்லை, பட்டியலில் இருக்கிறது. அட்டை கையிலிருந்தும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஓட்டில்லை. பட்டியலில் பெயர் இருந்து அட்டை தொலைந்துவிட்டால், ஆணையம் ஏற்கும் பன்னிரண்டு மாற்று ஆவணங்களில் ஒன்றைக் காட்டலாம். ஆதார், நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, கடவுச்சீட்டு, ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளி அட்டை முதலியவை அவை. தேர்தல் நேரத்தில் வீட்டுக்கு வரும் பூத் சிலிப் மட்டும் போதாது என்று 2019இல் ஆணையம் சொல்லிவிட்டது.

இந்த ஆவணப் பட்டியலைக் கடையநல்லூர்த் தெருவில் வைத்துப் படித்தால் அதில் இல்லாதவைதான் கண்ணில் படும். 2017 முதல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இருக்கும் ஸ்மார்ட் ரேஷன் கார்டு அதில் இல்லை. பீடி சுற்றும் பெண்களுக்கு மத்தியத் தொழிலாளர் நல அமைப்பு படம் ஒட்டிக் கொடுக்கும் அடையாள அட்டை இல்லை. 1976இல் இயற்றிய பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டத்தின் கீழ் அரசே தருவது அது. பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கும் மருத்துவத்துக்கும் அவர்கள் பத்திரமாக வைத்திருக்கும் தாள். நாடாளுமன்ற உறுப்பினருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் வழங்கும் அட்டை பட்டியலில் இருக்கிறது, பீடித் தொழிலாளியின் அட்டை இல்லை. ஆதார் ஏறக்குறைய எல்லாரிடமும் இருப்பதால் நடைமுறையில் பெரும் சிக்கல் எழவில்லை என்று அதிகாரிகள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஆதார் வாங்கும்போதும் முகவரி மாற்றும்போதும் வேறு தாள் கேட்கிறார்கள் என்பதால், ஒரே தாளின் மேல் எல்லாப் பாரத்தையும் ஏற்றுவது நல்ல ஏற்பாடு ஆகாது.

ஓட்டுச்சாவடியில் கண்டிப்பு குறைவு என்பதும் உண்மை. அட்டையில் எழுத்துப் பிழை இருந்தால் பொருட்படுத்த வேண்டாம், ஆள் அவர்தான் என்று தெரிந்தால் அனுமதியுங்கள் என்பது ஆணையத்தின் அறிவுரை. வேறு தொகுதியில் வழங்கிய அட்டையும், இங்கே பட்டியலில் பெயர் இருந்தால் செல்லும். தொல்லை அதற்கு வெகுமுன்னால், பட்டியலில் பெயர் ஏறும் இடத்தில்தான்.

படிவம் 6 கேட்பது இரண்டு சான்று. வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பான், பள்ளி மதிப்பெண் சான்றிதழ் போன்றவற்றில் ஒன்று. முகவரிக்கு ஓராண்டாவது வந்துகொண்டிருக்கும் மின்சார, குடிநீர், எரிவாயு ரசீது, பாஸ்புக், ஆதார், நிலப் பதிவு, பதிவுசெய்த வாடகை ஒப்பந்தம் போன்றவற்றில் ஒன்று. சொந்த வீடும் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் உள்ள பதினெட்டு வயதுப் பையனுக்கு இது பத்து நிமிட வேலை. பதினேழு முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கவும் 2022 முதல் வழி இருக்கிறது. முன்பு ஜனவரி 1 மட்டுமே தகுதி நாளாக இருந்தது, இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு நாட்கள். நல்ல சீர்திருத்தம் இது.

கல்யாணமாகி வந்த பெண்ணின் நிலை வேறு. பிறந்த வீட்டில் அவள் பெயர் பட்டியலில் இருந்திருக்கும், அப்பா பெயர் உறவாக நிற்கும். மாமியார் வீட்டுக்கு வந்ததும் படிவம் 8 கொடுத்து இடம் மாற்ற வேண்டும். மின் இணைப்பு மாமனார் பெயரில் இருக்கும், வீட்டுப் பத்திரம் அவருடைய தகப்பனார் பெயரில் இருக்கும். ஆதாரில் பழைய முகவரி இருக்கும். ஆதாரை முதலில் மாற்று, அப்புறம் இதற்கு வா என்று கணினி மையத்தில் சொல்வார்கள். ஆதாரில் திருத்தம் செய்யக் கட்டணம் உண்டு, ஜெராக்ஸுக்குக் காசு உண்டு, இணையத்தில் ஏற்றித் தருகிறவருக்குக் கூலி உண்டு. பீடிக்குச் சம்பளம் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரு நாள் அலுவலகத்தில் நின்றால் அன்றைய இலையும் தூளும் சுற்றாமல் கிடக்கும். விடுப்பு என்ற சொல்லே அந்தத் தொழிலில் கிடையாது. ஆக, இலவச அட்டைக்கு அவள் தரும் விலை ஒன்றிரண்டு நாள் கூலி. அரசின் எந்தக் கணக்கிலும் இந்தத் தொகை பதிவாவதில்லை. இதனால்தான் பல பெண்கள் பிறந்த வீட்டுப் பட்டியலிலேயே பெயரை விட்டுவைத்து, தேர்தலன்று பஸ் ஏறிப் போகிறார்கள், அல்லது போகாமலே விடுகிறார்கள். பின்னால் ஒரு திருத்தம் வரும்போது இடம் பெயர்ந்தவர் என்று அங்கே பெயர் நீங்கும், இங்கே சேர்ந்திருக்காது.

பெயர்களின் எழுத்து இன்னொரு சுமை. முகம்மது, முகமது, முஹம்மது. செய்யது, சையது. ஒரே ஆளின் பெயரைப் பள்ளி ஒரு மாதிரியும், கடவுச்சீட்டு அலுவலகம் ஆங்கிலத்தில் வேறு மாதிரியும், அதைப் பார்த்துத் தமிழாக்கிய வாக்காளர் பட்டியல் மூன்றாவது மாதிரியும் எழுதி வைத்திருக்கும். தலைப்பெழுத்து முன்னால் வருவதா பின்னால் வருவதா, விரிப்பதா சுருக்குவதா என்பது தமிழ்நாடு முழுக்க உள்ள குழப்பம். இந்த ஊரில் அதோடு அரபுப் பெயரின் ஒலிபெயர்ப்பும் சேர்கிறது. ஊராருக்கு இதெல்லாம் ஒரே ஆள்தான். கணினியின் ஒப்பீட்டுக்கு மூன்று ஆள்.

பெண்ணின் பெயரால் வந்த சிக்கல் இந்தியத் தேர்தலுக்குப் புதிதல்ல. முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, வடமாநிலங்களில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றே சொன்னார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அப்படிப் பதிவதை ஏற்கவில்லை. சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து விடுபட்டார்கள். அந்த முடிவு கொள்கையளவில் பெண்ணின் தனித்த பெயரை மதித்தது. ஆனால் தண்டனை போய்ச் சேர்ந்தது அந்தப் பெண்களுக்கே. அதே சமயம், அந்தப் பட்டியல் தயாரித்த முறையில் இன்றைக்குப் பாடம் இருக்கிறது. அரசியல் சாசனம் நடைமுறைக்கு வருமுன்பே, 1948 முதலே, அலுவலர்கள் வீடு வீடாகப் போய் எழுதினார்கள். பிரிவினையில் வந்த அகதிகளுக்குக்கூட, இங்கேயே தங்க நினைக்கிறேன் என்ற உறுதிமொழியைப் பெற்றுக்கொண்டு பெயர் சேர்த்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர் குறைவாக இருந்த, தாள்களே இல்லாத நாட்டில் 17 கோடிக்கு மேற்பட்டவர் பட்டியலில் ஏறினார்கள். நிரூபிக்கும் வேலையை அரசு தன் தோளில் வைத்துக்கொண்டதால்தான் அது முடிந்தது.

இனி மகனுக்கு வருவோம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகனுக்கு 2011 வரை ஊரில் ஓட்டுரிமை இல்லை. வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும் என்பது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் விதி. 2010இல் அதைத் திருத்தி 20ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். படிவம் 6ஏ நிரப்பினால் கடவுச்சீட்டில் உள்ள இந்திய முகவரியில் வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதியலாம். ஆனால் அவர்களுக்கு அடையாள அட்டை தருவதில்லை. தேர்தலன்று நேரில் வந்து, அசல் கடவுச்சீட்டைக் காட்டி ஓட்டுப் போட வேண்டும். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பக் கட்டணமே 1,500 ரூபாய். மற்ற வாக்காளருக்குப் பன்னிரண்டு மாற்று ஆவணங்கள் உண்டு, இவர்களுக்குக் காசு கொடுத்து வாங்கிய இந்த ஒன்றே ஒன்று. அதற்கு மேல் விமானக் கட்டணம், முதலாளியிடம் விடுப்பு.

விளைவு எண்ணிக்கையில் தெரிகிறது. 2024 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் பதிவாகியிருந்த வெளிநாடுவாழ் வாக்காளர் சுமார் 1.19 லட்சம். வந்து ஓட்டுப் போட்டவர் மூவாயிரத்துக்கும் குறைவு, அவர்களில் பெரும்பான்மையோர் கேரளத்தினர். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களோ ஒரு கோடிக்கும் மேல். பிரதிநிதி மூலம் ஓட்டுப் போட வழிசெய்யும் மசோதா 2018இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் நிறைவேறாமலே 2019இல் காலாவதியானது.

கடையநல்லூரில் படிவம் 6ஏ கொடுத்தவரைக் காண்பது அரிது. ஊர்ப் பட்டியலில் சாதாரண வாக்காளராகவே பெயர் நிற்கும். சட்டம் இதைத் தவறு என்கிறதா? தற்காலிகமாக வெளியே போனவர் அந்தக் காரணத்தாலேயே வசிப்பிடத்தை இழப்பதில்லை என்று அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டாண்டு ஒப்பந்தத்தில் ரியாத் போய், மனைவி மக்களை ஊரில் விட்டு, லீவுக்கு லீவு வந்து போகிறவர் தற்காலிகமா, நிரந்தரமா? பதில் வீட்டுக்கு வரும் அலுவலரின் பேனாவைப் பொறுத்தது. வளைகுடா நாடுகளில் எத்தனை வருடம் உழைத்தாலும் குடியுரிமை கிடைப்பது அரிது, அங்கே ஓட்டும் கிடையாது. இங்கேயும் பெயர் நீக்கப்பட்டால் அந்த மனிதனுக்கு உலகத்தில் எங்குமே ஓட்டில்லை. இதை லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

ஒப்பிட ஒரு நாடு பிரிட்டன். காமன்வெல்த் குடிமக்கள் அங்கே சட்டப்படி வசித்தால் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். 2022ஆம் ஆண்டுச் சட்டத்தால் 2023 மே முதல் இங்கிலாந்தின் சாவடிகளில் படமுள்ள அடையாளம் கட்டாயமானது. ஏற்கும் ஆவணங்களில் காமன்வெல்த் நாட்டுக் கடவுச்சீட்டும் உண்டு. லண்டனில் வசிக்கும் கடையநல்லூர்க்காரர் தன் இந்தியக் கடவுச்சீட்டைக் காட்டி, வீட்டருகே உள்ள சாவடியில் பிரிட்டன் நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட முடியும். அதே கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு அங்கிருந்தபடி தென்காசித் தொகுதிக்குப் போட முடியாது. எந்த ஆவணமும் இல்லாதவர்களுக்கு வாக்காளர் சான்று என்ற இலவசத் தாளையும் பிரிட்டன் தருகிறது. அப்படியிருந்தும் 2023 மே உள்ளாட்சித் தேர்தலில் ஏறக்குறைய 14 ஆயிரம் பேர் அடையாளமில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி வரவில்லை என்று அந்நாட்டுத் தேர்தல் ஆணையமே அறிக்கை தந்தது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் அடையாள அட்டை இலவசம், அதைப் பெறத் தேவையான பிறப்புச் சான்றிதழுக்குக் கட்டணம். அந்தச் சுமை அரசியல் சாசனத்தை மீறும் அளவுக்குப் பெரிதல்ல என்று 2008இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் சொன்னது, மூன்று நீதிபதிகள் மாறுபட்டார்கள். எல்லா இடத்திலும் கடைசித் தாளைத்தான் இலவசமாக்குகிறார்கள், அதற்கு முந்திய தாளை விட்டுவிடுகிறார்கள்.

2025இல் இந்தியாவில் இந்தக் கேள்வி புதிய கூர்மை பெற்றது. ஜூன் 24 அன்று பீகாரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்ற பெயரில் பட்டியலைப் புதிதாகத் தயாரிக்க ஆணையம் உத்தரவிட்டது. தகுதியை நிரூபிக்கப் பதினொரு ஆவணங்களை அறிவித்தது. பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, கல்விச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், 1987 ஜூலைக்கு முன் அரசு அமைப்புகளோ வங்கியோ வழங்கிய அடையாளம் என்று போகும் அந்த வரிசையில், ஆணையம் தானே முப்பது ஆண்டுகளாக இலவசமாக வழங்கிவந்த வாக்காளர் அடையாள அட்டை இல்லை. ஆதாரும் இல்லை, ரேஷன் கார்டும் இல்லை. செப்டம்பர் 8 அன்று உச்சநீதிமன்றம் ஆதாரைப் பன்னிரண்டாவது ஆவணமாகச் சேர்க்கச் சொன்னது, அடையாளத்துக்கு மட்டும், குடியுரிமைக்கு அல்ல என்ற வரம்புடன்.

அக்டோபர் 27 அன்று தமிழ்நாடு உள்ளிட்ட பன்னிரண்டு மாநிலங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் இந்தத் திருத்தம் விரிந்தது. நவம்பர் 4 முதல் வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் செய்த ஏற்பாடு பீகாரைவிட ஓரளவு மேல். கணக்கெடுப்புக் கட்டத்தில் ஆவணம் கேட்கவில்லை. 2002, 2005 காலத்துப் பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ இருந்ததைக் காட்டினால் போதும். வீட்டில் இல்லாதவருக்காக வயதுவந்த குடும்பத்தார் கையெழுத்துப் போடலாம். கடையநல்லூர் போன்ற ஊருக்கு இந்தக் கடைசிச் சலுகை பெரிய ஆறுதல். ஆனால் இருபது ஆண்டுக்கு முந்திய பட்டியலில் பாகமும் வரிசை எண்ணும் தேடுவது, பிறந்த வீடு வேறு ஊரில் உள்ள பெண்ணுக்குச் சுலபமல்ல. அந்தப் பட்டியலில் அவளுடைய அப்பாவின் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறதென்று தேடி எடுத்தாக வேண்டும். தொடர்பு காட்ட முடியாதவர்களுக்கு அறிவிப்பு வரும். 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர் தன் சான்று மட்டும் தரலாம். அதற்குப்பின் பிறந்தவர் பெற்றோரில் ஒருவர் சான்றையும், 2004 டிசம்பர் 2க்குப்பின் பிறந்தவர் இருவர் சான்றையும் சேர்த்துத் தர வேண்டும்.

டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டு வாக்காளர் எண்ணிக்கை 6.41 கோடியிலிருந்து 5.43 கோடியாகக் குறைந்திருந்தது. நீங்கிய 97 லட்சத்துச் சொச்சம் பெயர்களில் சுமார் 27 லட்சம் இறந்தவர்கள், 3 லட்சத்துக்கு மேல் இரட்டைப் பதிவுகள். ஏறக்குறைய 66 லட்சம் பேர் இடம் பெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள். இறந்தவர் பெயரும் இரட்டைப் பதிவும் நீங்கத்தான் வேண்டும். அதை எதிர்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மூன்றாவது கூட்டத்தைப் பற்றித்தான் கவலை. இடம் பெயர்ந்தவர் ஓட்டுரிமையை இழந்தவர் அல்லர். அவர் புதிய இடத்தில் படிவம் 6 கொடுத்துத் தாள் சேகரித்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியவர். பிழைப்புக்காக ஊர் மாறுகிறவர்கள் மிகுந்த மாநிலத்தில் இதுதான் பெரிய எண்.

1995இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு தெளிவான கோடு போட்டது. ஏற்கெனவே பட்டியலில் உள்ளவரின் பெயர், உரிய நடைமுறையைப் பின்பற்றித்தான் ஏறியிருக்கும் என்று அலுவலர் எடுத்துக்கொள்ள வேண்டும். நீக்க வேண்டுமானால் காரணம் சொல்லி, விசாரித்து, அவர் தரும் எந்தச் சான்றையும் பரிசீலித்த பிறகே நீக்கலாம். இரண்டு ரூபாய் ஆட்சேப விதியில் இருந்த அதே மனநிலைதான் இந்தத் தீர்ப்பிலும். தீவிரத் திருத்தம் அந்தக் கோட்டை மறுபக்கம் தள்ளிவிட்டது என்பது என் மதிப்பீடு. இப்போது காரணம் காட்ட வேண்டியவர் வாக்காளர்.

தாளில்லாதவரிடம் அரசே போவது எப்படி என்று தேர்தல் ஆணையத்துக்குத் தெரியாததல்ல. வீடற்றவர்களுக்கு முகவரிச் சான்று கேட்பதில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் நேரில் போய், ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் அவர் அங்கே தூங்குகிறார் என்று பார்த்துவிட்டு வந்தால் போதும், பெயர் சேர்க்கலாம் என்று கையேடு சொல்கிறது. இந்தியத் தேர்தல் விதிகளில் எனக்கு மிகவும் மதிப்பான விதி இது. வீடற்றவருக்குச் செய்வதை, கணவன் வீட்டில் தன் பெயரில் ஒரு ரசீதும் இல்லாத பெண்ணுக்கும், மலையடிவாரப் பளியர் பழங்குடிக் குடும்பத்துக்கும் செய்யலாம். அலுவலர் வீட்டுக்கு வந்து பார்த்து, அண்டை வீட்டார் இருவரிடம் விசாரித்து எழுதுவதே முகவரிச் சான்று ஆகட்டும். பீடித் தொழிலாளர் அட்டையையும் ரேஷன் கார்டையும் மாற்று ஆவணங்களில் சேர்க்கட்டும். நகராட்சியில் திருமணத்தைப் பதியும்போதே படிவம் 8ஐயும் வாங்கிக்கொண்டால், அந்தப் பெண் இன்னொரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை. இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவைப்படாது.

இந்த வேலைகளின் பாரமெல்லாம் அங்கன்வாடிப் பணியாளர், பள்ளி ஆசிரியர், கிராம உதவியாளர் தலையில்தான் விழும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் அவர்கள்தான். தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு, மதிப்பூதியத்துக்காக ஆயிரம் பேர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனைப் பற்றி விசாரிக்க, வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு மேல் தாயிடமே அவர்கள் போக வேண்டியிருக்கிறது. அலுவலர் பொறுமையிழந்து ஒரு கட்டத்தில் ஆள் இல்லை என்று குறித்துவிட்டால், அதைக் கயமை என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கு முழுநேர உதவியாளரும் போதிய காலமும் தராமல் ஒரு மாதத்தில் மாநிலத்தையே கணக்கெடுக்கச் சொன்னதில்தான் பிழை.

பெயர் நீக்கப்பட்டவருக்கு மேல்முறையீடு உண்டு. வாக்காளர் பதிவு அலுவலரின் ஆணை வந்த 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம். அங்கும் கிடைக்காவிட்டால் 30 நாட்களுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். கடையநல்லூர்க்காரருக்கு முதலாவது தென்காசியில், சுமார் 17 கிலோமீட்டர் தூரத்தில். இரண்டாவது சென்னையில், பொதிகை ரயிலில் ஓர் இரவுப் பயணத்தில். மனுவை எழுதித்தர ஆள் வேண்டும், இணைக்கச் சான்றுகள் வேண்டும், விசாரணை நாளில் போய் நிற்க வேண்டும். இந்த முறையீடுகளை வட்டாட்சியர் அலுவலகத்திலேயே, ஒரு குறித்த நாளில், வாய்மொழியாகக் கேட்டு எழுதிக்கொள்ளும் ஏற்பாடு வந்தால், கடையநல்லூரின் பீடிக்காரப் பெண் முதல்முறையாகத் தன் பெயரை நீக்கிய ஆணையை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியும்.